நாட்டார் திகில் படங்களை வீட்டில் பார்ப்பது: எதில் தொடங்கலாம், எப்படிப் பார்க்கலாம்?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "திடீரென்று கத்திப் பயமுறுத்தும் பேய்ப்படங்கள் அலுத்துவிட்டன. ஊர், சடங்கு, தெய்வம், பழங்கதை என்று வரும் திகில் படங்களைப் பார்க்க ஆசை. பேய் வந்தாலும் குடும்பக் கதையாக ஓடும் படங்களும் பிடிக்கும். இவை இங்கே தியேட்டருக்கு வருவது குறைவு, வீட்டில்தான் பார்க்க வேண்டும். எதில் தொடங்கலாம்? எப்படிப் பார்த்தால் முழுமையாக இருக்கும்? அம்மா எங்களோடுதான் இருக்கிறார். 'இதுகளை வீட்டுக்குள்ள எடுக்காதே பிள்ளை' என்கிறார். பத்து வயதில் மகன் ஒருவனும் இருக்கிறான்."

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது 'தும்பாட்', அடுத்தது 'பிரமயுகம்'. அவை பிடித்தால் இங்கிலாந்து, ஜப்பான், கொரியா, ஈரான் என்று வெளியே போகலாம். அம்மாவோடு சேர்ந்து பார்க்க 'நண்பகல் நேரத்து மயக்கம்'. மகனுக்கு வேறு படம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி விரிவாக.

ஆங்கிலத்தில் நாட்டார் திகில் என்ற பெயர் பரவலாகப் புழங்கத் தொடங்கியது அண்மையில்தான். 2010இல் பிபிசிக்காக மார்க் கேட்டிஸ் செய்த ஆவணத் தொடர் ஒன்றில் மூன்று பிரித்தானியப் படங்களை ஒன்றாக வைத்து இந்தப் பெயரால் பேசினார். 1968இல் வந்த 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்', 1971இல் வந்த 'த பிளட் ஒன் சேட்டன்ஸ் க்ளோ', 1973இல் வந்த 'த விக்கர் மேன்' என்பவை அந்த மூன்றும். இவற்றில் பயம் வயலில் இருந்தும் காட்டில் இருந்தும் ஊர்ச்சனத்தின் முகத்தில் இருந்தும் வருகிறது. ஒதுக்குப்புறமான ஓர் ஊர், அந்த ஊருக்கே உரிய ஒரு நம்பிக்கை, அங்கே வந்து மாட்டிக்கொள்ளும் ஒருவர், கடைசியில் ஊர் கூடிச் செய்யும் ஒரு காரியம். இவ்வளவும் சேர்ந்தால் அது நாட்டார் திகில்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு அதிகம் படிக்கத் தேவையில்லை. நேர்த்தி என்றால் என்ன என்று எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, வழக்கு இழுபடுகிறது. அம்மனிடம் வேண்டிக்கொள்கிறோம். காரியம் ஆனதும் காவடியாகவோ மடிப்பிச்சையாகவோ தீமிதிப்பாகவோ அந்தக் கடனைத் தீர்க்கிறோம். வேண்டியவரே தீர்ப்பார், இல்லாவிட்டால் அவருடைய வீட்டார் தீர்ப்பார்கள். நாட்டார் திகில் படங்களில் இது புரண்டு போகிறது. ஓர் ஊரோ குடும்பமோ ஒன்றை வேண்டிக்கொள்கிறது. விளைச்சலோ பொன்னோ அதிகாரமோ கிடைக்கிறது. கடன் தீர்க்கும் நேரம் வரும்போது வேறு யாரோ முன்னால் தள்ளப்படுகிறார்கள். எந்தப் படத்தைப் போட்டாலும் கடன் பட்டவர் யார், கட்டுகிறவர் யார் என்று கவனித்துக்கொண்டே பாருங்கள். பேய் எங்கே நிற்கிறது என்று தேடுவதைவிட இது படத்துக்குள் ஆழமாகக் கொண்டுபோகும்.

நிலம் பழசை மறக்காது என்பதும் கோணமலைக்காரருக்குப் புதிய கருத்து இல்லை. சுவாமி மலைக்குக் கூட்டிப்போகும் விருந்தாளிக்கு இராவணன் வெட்டைக் காட்டாமல் யாரும் திரும்புவதில்லை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டாக்கியவை என்று சொல்லிக்கொண்டே, எங்கள் வீட்டுச் செத்தவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாக அங்கே அந்தியேட்டி செய்து வந்திருக்கிறோம். கோட்டை வாசல் கல்லில், குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்ற பாட்டின் எழுத்துகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு இந்தப் படங்களைப் பார்ப்பது ஒரு கொடுப்பினை என்றே நான் நினைக்கிறேன். வெளியூர் விமர்சகர் பக்கம் பக்கமாக விளக்குவது எங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

சரி, படங்களுக்கு வருவோம்.

'தும்பாட்' 2018இல் வந்த ஹிந்திப் படம், ராஹி அனில் பார்வே இயக்கியது. மகாராஷ்டிரக் கிராமம் ஒன்றில் 1918இல் தொடங்கி 1947 வரை ஓடும் கதை. செல்வத்தின் தேவதைக்கு முதல் பிள்ளை ஹஸ்தர். உலகத்துப் பொன்னையும் தானியத்தையும் தனக்கே வேண்டும் என்று ஆசைப்பட்டவன். பொன் கிடைத்தது, தானியம் மறுக்கப்பட்டது. இனி இவனை யாரும் கும்பிடக்கூடாது என்று விதித்திருந்தும் ஒரு குடும்பம் அவனுக்குக் கோயில் கட்டிவிடுகிறது. மழை கிட்டத்தட்ட விடுவதே இல்லை. அதற்காகப் பல மழைக்காலங்கள் காத்திருந்து படம் பிடித்தார்கள், அந்தப் பொறுமை ஒவ்வொரு சட்டகத்திலும் தெரியும். தொடக்கத்தில் ஒரு சிறுவன், சங்கிலியில் கட்டி வைத்திருக்கும் கிழவிக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டிய நிலையில் அகப்படுகிறான். கிழவி விழித்துக்கொண்டால் ஹஸ்தரின் பெயரைச் சொல்லித்தான் அவளைத் தூங்கவைக்க வேண்டும். தூங்காவிட்டால் பேய் வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லும் அந்தச் சின்னப் பொய், இங்கே உயிர் காக்கும் மந்திரமாகி நிற்கிறது. அப்புறம் பிசைந்த மாவில் செய்த பொம்மை வரும். அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை, படத்தில் பாருங்கள். தகப்பன் தேடிய பொன்னுக்கு மகன் என்ன கட்டுகிறான் என்பதில் கண் வையுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில், மாரி மழை ஓட்டிலோ தகரத்திலோ விழுந்துகொண்டிருக்கும் இரவில் பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியாது. 2024இல் இந்தியாவில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது முதல் தடவையைவிட அதிகம் வசூலித்தது. சனம் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

'பிரமயுகம்' 2024, மலையாளம், ராகுல் சதாசிவன் இயக்கியது. முழுப்படமும் கறுப்பு வெள்ளை. பதினேழாம் நூற்றாண்டு மலபார். தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன் காட்டுக்குள் பாழடைந்த மனை ஒன்றில் ஒதுங்குகிறான். வீட்டுக்காரராக மம்மூட்டி. சாப்பாடு கிடைக்கிறது, படுக்க இடம் கிடைக்கிறது, சாதியில் தாழ்ந்தவன் என்று தள்ளிவைக்காமல் உள்ளே கூப்பிடுகிறார்கள். பயமே அங்கேதான் தொடங்குகிறது. பிறகு தாயக்கட்டை உருட்டுகிறார்கள். பணயம் வைக்க ஒன்றும் இல்லாதவனிடம் அவனுடைய காலத்தையே பணயமாக வைக்கச் சொல்கிறார் அந்தப் பெரியவர். பேய், குட்டிச்சாத்தான் எல்லாம் பிறகு வருகின்றன. ஒருவன் கையில் அதிகாரம் முழுக்கச் சேர்ந்துவிட்டால் மற்றவனின் நேரமும் பெயரும் நினைவும்கூட அவனுக்குச் சொந்தமாகிவிடும் என்பதை இவ்வளவு அமைதியாக ஒரு திகில் படத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மலையாளத்திலேயே பாருங்கள். கிழக்குத் தமிழ்க் காதுக்கு அரைவாசி நேரடியாக விளங்கும், மீதிக்குத் திரையின் அடியில் மொழிபெயர்ப்பு எழுத்து இருக்கிறது. மம்மூட்டியின் குரலை டப்பிங்கில் இழந்தால் படத்தில் பாதி போய்விடும்.

இந்த இரண்டுக்கும் பிறகு 'த விக்கர் மேன்'. ஸ்கொட்லாந்துப் பக்கத்துத் தீவு ஒன்றுக்கு, காணாமற்போன ஒரு சிறுமியைத் தேடி கண்டிப்பான கிறிஸ்தவப் பொலிஸ்காரர் வருகிறார். அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்கிறார்கள். விடுதிச் சுவரில் ஆண்டுக்கொரு அறுவடைவிழாப் படம் தொங்குகிறது, கடைசி ஆண்டின் படம் மட்டும் இல்லை. அன்றைய பிரித்தானியப் பார்வையாளரைத் தீவின் பழைய வழிபாடே மிரட்டியிருக்க வேண்டும். எங்களுக்கு ஊர்வலமும் பாட்டும் உரு வந்து ஆடுவதும் பயம் தருபவை இல்லை. மேலைநாட்டுப் படங்களில் கடவுள் ஒரு கரையிலும் பேய் மறுகரையிலும் நிற்கும். எங்களிடமோ காரைக்கால் அம்மையார் தானே பேயுருக் கொண்டு திருவாலங்காட்டுச் சுடலையில் ஆடும் இறைவனைப் பாடினார். ஆகவே இந்தப் படம் எங்களிடம் எடுபடாது என்று நினைத்துவிடாதீர்கள். சடங்கு தெரிந்தவர்களுக்கு அந்தத் தீவில் எது இல்லை என்பது பளிச்சென்று தெரியும். பட்டினி கிடக்கிறவர் இல்லை, நெருப்பில் நடக்கிறவர் இல்லை, தன் உடம்பில் எதையும் ஏற்கிறவர் எவரும் இல்லை. தீவின் பிரபு சிரித்துக்கொண்டே முன்னால் நடக்கிறார். எனக்கு உதறல் எடுத்தது அந்தச் சிரிப்பில்தான். இந்தப் படம் வெட்டப்பட்ட வடிவங்களிலும் கிடைக்கிறது. 2013இல் சீராக்கி வெளியிட்ட, ஏறத்தாழ 94 நிமிட வடிவத்தைத் தேடுங்கள்.

கொரியாவின் 'த வெய்லிங்' (2016, நா ஹொங்-ஜின்) 156 நிமிடம். சாப்பாட்டை முடித்துக்கொண்டு உட்காருங்கள். நடுவில் மந்திரவாதி ஒருவர் கழிப்புச் செய்யும் நீண்ட காட்சி இருக்கிறது. மேளம், ஆட்டம், மரத்தூணில் அடிக்கும் ஆணி, இன்னொரு பக்கம் துடிக்கும் ஒரு பிள்ளை. உடுக்குச் சத்தத்தில் கழிப்பு நடந்த வீட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் இருக்கையின் நுனிக்கு வந்துவிடுவார்கள். யாருக்காக யாருக்கு எதிராக அந்தக் கழிப்பு நடக்கிறது என்பதைப் படம் நெடுநேரம் மறைத்து வைக்கிறது. ஜப்பானின் 'ஒனிபாபா' (1964) ஆளுயரப் புல்வெளிக்குள் நடக்கிறது. சண்டைக்காலத்தில் மாமியாரும் மருமகளும் தப்பி வரும் வீரர்களைக் கொன்று கவசத்தை விற்றுச் சாப்பிடுகிறார்கள். பெரியவர்கள் மட்டும் பாருங்கள். 'மிட்சோமர்' (2019) பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். பட்டப்பகலில் திகில் காட்டுவது சாதாரண காரியம் இல்லைதான். ஆனாலும் அதை முதல் படமாக வைக்க மாட்டேன், வீட்டில் மற்றவர்கள் நடமாடும்போது போடவும் மாட்டேன்.

தமிழில் இந்த வகை குறைவு என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று: 1990களில் நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் வந்த 'மர்மதேசம்' தொடரின் 'விடாது கருப்பு' பகுதியைப் பாருங்கள். காவல்தெய்வம் தண்டிக்கிறதா, தெய்வத்தின் பெயரில் யாரோ தண்டிக்கிறார்களா என்பதை அவ்வளவு காலத்துக்கு முன்னரே சின்னத்திரையில் கேட்டுவிட்டார்கள். படப்பிடிப்புப் பழையது, கதை இன்னும் இறுக்கமாக நிற்கிறது. அண்மைக்கு வந்தால் 2024இன் 'இன்ஸ்பெக்டர் ரிஷி', பத்துப் பகுதிகள், காட்டுத் தெய்வம் ஒன்றைச் சுற்றி ஓடுகிறது.

இப்போது பார்க்கும் விதம். இதில் பலர் அக்கறை எடுப்பதில்லை, பிறகு படம் இருட்டாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள்.

புது ரீவிகள் கடையில் பளபளவென்று தெரிவதற்காக 'விவிட்', 'டைனமிக்' என்ற அமைப்பில் வரும். அதில் கறுப்பு சாம்பலாகும், முகங்கள் மெழுகாகும். அமைப்புக்குள் போய் 'சினிமா' அல்லது 'மூவி' என்று மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்றும் இருக்கும், ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் 'பிரமயுகம்' மெகா சீரியல் மாதிரித் தெரியும். அறையை முழு இருட்டாக்கத் தேவையில்லை. ரீவிக்குப் பின்னால் சின்ன பல்பு ஒன்று போதும், கண்ணும் நோகாது, திரையில் கறுப்பும் ஆழமாகத் தெரியும். தலைக்கு மேலே எரியும் குழாய் விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். அது திரைக்குள் கோடாக விழும்.

இருட்டுக் காட்சிகள் சதுரம் சதுரமாக உடைவது இணைய வேகத்தால் வருவது. டேட்டாவை மிச்சம் பிடிக்கும்போது செயலி முதலில் வெட்டுவது கறுப்பின் நுணுக்கங்களைத்தான். இந்தப் படங்களின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இரவு டேட்டா கிடைக்கும் பக்கேஜ் என்றால் விடியப்புறம் உயர்ந்த தரத்தில் இறக்கி வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். சந்தா கட்டுமுன் படத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

சத்தம் படத்தைவிட முக்கியம். தட்டை ரீவியின் ஒலிபெருக்கி பின்பக்கமோ அடிப்பக்கமோ பார்த்துக்கொண்டிருக்கும், அடிக்குரல்கள் அதில் வராது. சாதாரண இரண்டு ஸ்பீக்கர் பூட்டினாலே படம் மாறிவிடும். அதுவும் இல்லையென்றால் காதுக்கு மாட்டிக்கொண்டு தனியாகப் பாருங்கள். இந்தப் படங்களின் அமைதியைத் தின்பது சீலிங் ஃபேன். எங்கள் வெக்கைக்கு அதை நிறுத்தச் சொல்ல முடியாது. வேகத்தைக் குறைத்து, மேசை ஃபேனைக் கால்பக்கம் வைத்துப் பாருங்கள். ஒலி அளவை ஒரு சாதாரண உரையாடல் காட்சியில் சரிப்படுத்திவிட்டு ரிமோட்டைத் தள்ளி வையுங்கள். ஒன்றும் கேட்கவில்லையே என்று அமைதியான இடத்தில் கூட்டினால் அடுத்த காட்சியில் பக்கத்து வீடு எழும்பிவிடும். இடைவேளை விடாமல் ஒரே இருப்பில் பாருங்கள். தேத்தண்ணியை முதலே குடித்துவிடுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுக்கலாம். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பாபக் அன்வாரியின் 'அண்டர் த ஷடோ' (2016, பாரசீக மொழி, 84 நிமிடம்) 1988இல் ஏவுகணை விழும் தெஹ்ரானில் நடக்கிறது. ஒரு தாய், ஒரு மகள், மாடி வீடு. மேல்மாடிக்குள் வெடிக்காத ஏவுகணை ஒன்று வந்து குத்துகிறது. அதன் பிறகு காற்றோடு ஜின் வந்துவிட்டது என்று அயலார் சொல்லத் தொடங்குகிறார்கள். மேலே ஏற்பட்ட வெடிப்பை அந்தத் தாய் ஒட்டுநாடாவால் ஒட்டுகிறாள், ஒட்டிய நாடா மறுபடி அசைகிறது. சைரன் கேட்டதும் எல்லோரும் கீழே ஓடுகிறார்கள். பிள்ளையின் பொம்மை காணாமற் போகிறது. கச்சான் காற்று யன்னலை அடிக்கும் இரவில் இதைப் பார்த்தால், ஜின் கதை கேட்டு வளர்ந்த கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளுக்கும் பங்கருக்குள் இருந்து எழும்பி வந்த எங்களுக்கும் இது தூரத்துக் கதையாகவே இருக்காது. யுத்தம் ஒரு தாயிடம் இருந்து எதை எதை எடுக்கிறது என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கையே பேயாக்கியிருக்கிறார்கள்.

இங்கிருந்துதான் நீங்கள் கேட்ட இரண்டாவது வகைக்கு வருகிறோம். நாட்டார் திகிலில் உயிரோடு இருப்பவர்கள் ஏதோ ஒரு சக்திக்குப் பட்ட கடன் என்றால், இந்தக் குடும்பக் கதைகளில் இருப்பவர்கள் செத்தவர்களுக்குப் பட்ட கடன். அதனால் இவற்றில் பேய்மேல் பயத்தைவிட இரக்கம்தான் முந்திக்கொண்டு வரும். மிஷ்கினின் 'பிசாசு' (2014) விபத்தில் செத்த பெண் ஒருத்தியைச் சுற்றியது. பேயைக் கண்டு அழவைத்த தமிழ்ப்படம் அது. ராகுல் சதாசிவனின் முந்திய படம் 'பூதகாலம்' (2022), பாட்டி செத்த பிறகு ஒரே வீட்டுக்குள் தாயும் மகனும் ஒருவரை ஒருவர் நம்பாமல் கரைவதைக் காட்டுகிறது. தாயாக நடித்த ரேவதிக்கு கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. தாய்லாந்தின் 'அங்கிள் பூன்மீ' 2010இல் கான் விழாவின் தங்கப்பனை வென்றது. சிறுநீரகம் பழுதாகிச் சாவை நெருங்கும் ஒருவரின் இரவுச் சாப்பாட்டு மேசையில், செத்த மனைவி மெல்ல மெல்லத் தோன்றி உட்காருகிறாள். யாரும் கத்துவதில்லை. சுகம் விசாரிக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே நான் வைப்பது 'நண்பகல் நேரத்து மயக்கம்'. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி 2023 தொடக்கத்தில் தியேட்டருக்கு வந்தது. வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளிகளின் பஸ் ஒரு மத்தியானம் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மம்மூட்டி இறங்கி, வயலுக்குள்ளால் நடந்து, ஒரு வீட்டுக்குள் போகிறார். சேட்டைக் கழற்றி லுங்கி மாற்றுகிறார், மாட்டுக்கு வைக்கோல் போடுகிறார், தமிழில் பேசுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் காணாமற்போன அந்த வீட்டு மனிதன் சுந்தரமாக அவர் மாறிவிட்டார். பின்னணி இசை என்று தனியாக ஒன்றும் இல்லை. எங்கோ ஓடும் ரீவியிலும் ரேடியோவிலும் இருந்து பழைய தமிழ்ப்பட வசனமும் பாட்டும் காற்றில் வந்துகொண்டே இருக்கும், எங்கள் வீடுகளின் மத்தியானம் அப்படியே. இரத்தம் இல்லை, கத்தல் இல்லை. ஆனால் காணாமற்போன ஒருவர் திடீரென்று வாசலால் வந்து தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினால் அந்த வீட்டுப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி. எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் படலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் படம் வேறு மாதிரி வந்து விழும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் கதையை முதலே சொல்லிவிட்டு, பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

'அட்லான்டிக்ஸ்' (2019, மாட்டி டியோப்) பற்றியும் இதையே சொல்வேன். செனகலின் டக்கார் நகரில் சம்பளம் கொடுபடாத கட்டடத் தொழிலாளிகள் ஸ்பெயினுக்கு வள்ளத்தில் போய்க் கடலில் முடிந்துவிடுகிறார்கள். இரவில் ஊர்ப் பெண்களின் உடம்பில் ஏறி வந்து முதலாளியிடம் கூலியைக் கேட்கிறார்கள். கடன் கதை இவ்வளவு நேராக வந்த படம் வேறு இல்லை. படம் முழுக்கக் கடல்தான். 2004 மார்கழியில் கடலுக்கு ஆட்களைக் கொடுத்த வீட்டில் இதை எடுத்த எடுப்பில் போடக்கூடாது. ஜப்பானின் 'குவைதான்' (1964, மசாகி கோபயாஷி) மூன்று மணித்தியாலம், ஆனால் நான்கு தனிக்கதைகள், நான்கு இரவுக்குப் பிரிக்கலாம். மூன்றாவது கதையில் கண்பார்வை இல்லாத இசைக்கலைஞன் ஒருவனை, கடற்போரில் செத்த குலத்தார் ஒவ்வொரு இரவும் கூப்பிட்டுத் தங்கள் தோல்வியையே பாடச்சொல்லிக் கேட்கிறார்கள். அவனைக் காப்பாற்ற உடம்பு முழுக்க மந்திரம் எழுதுகிறார்கள், காதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். அதைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளவேண்டாம். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற எச்சரிக்கையின் அடியில், துக்கத்தையும் பயத்தையும் காரணமில்லாமல் கிளறாதே என்ற அனுபவம் இருக்கிறது. செத்தவீடு நடந்து அந்தியேட்டி முடியாத வீட்டில் இந்தப் படங்களை நானும் போடமாட்டேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில், பிரசவத்தில் செத்த பெண்ணின் பேய் வரும் படங்களைத் தவிர்ப்பேன். கொத்தி கதை கேட்டு வளர்ந்த ஊர் இது, ஏன் அந்த மனச்சுமை? சாமியறைக்கு நேரே ரீவி இருந்தால் கதவைச் சாத்திவிடுங்கள், அம்மாவின் மனம் ஆறும். இவ்வளவும் செய்த பிறகு அவரையும் கூப்பிடுங்கள். 'காந்தாரா' (2022) தமிழில் டப் செய்யப்பட்டிருக்கிறது. துளுநாட்டில் தெய்வம் ஏறி ஆடுவதும், அந்தத் தெய்வத்தின் முன் கொடுத்த வாக்கை மீறி நிலத்தைத் திருப்பிக் கேட்பதும்தான் கதை. நடுவில் வரும் சண்டையும் பகிடியும் எனக்குப் பிடிக்கவில்லை, கடைசி இருபது நிமிடத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு அது பேய்ப்படமாகவே தெரியாது. உரு வந்தவரின் சத்தத்தைக் கேட்டதும் கும்பிட்டாலும் கும்பிடுவார். படம் முடிந்ததும் உங்கள் ஊர் வைரவர் கதை, நாகதம்பிரான் கதை எல்லாம் கேட்டு வையுங்கள். அவற்றைப் படமாக எடுக்க எங்களில் இன்னும் ஒருவர் வரவேண்டும் என்ற ஏக்கம் எனக்கு நெடுநாளாக இருக்கிறது.

மகனுக்கு மேலே சொன்ன எதையும் காட்டவேண்டாம். 'தும்பாட்'டும் 'த வெய்லிங்'கும் அவன் தூங்கிய பிறகு. இருட்டில் ஒளித்து நின்று பார்க்கவும் விடாதீர்கள். பாதி பார்த்த படம் முழுப்படத்தைவிடக் கூடப் பயமுறுத்தும். அவனுக்கு அயர்லாந்தின் 'சோங் ஒவ் த சீ' (2014, டொம் மூர்) என்ற சித்திரப்படம், 93 நிமிடம். கடலோர வெளிச்சவீடு ஒன்றில் தகப்பனோடு இருக்கும் அண்ணன், தங்கச்சி. தங்கச்சி பாதி மனுசி, பாதி கடல்நாய். ஆந்தைக் கிழவி ஒருத்தி எல்லோருடைய கவலையையும் போத்தலில் அடைத்து அவர்களைக் கல்லாக்கி வைத்திருக்கிறாள். தாய் இல்லாத வீட்டின் கதை என்பதால் அவன் கேள்வி கேட்பான், பக்கத்தில் இருந்து பதில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், படம் தொடங்க முன் கதையைத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டால் அவனுக்குச் சிரமம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள், அம்மாவும் வந்து இருப்பார்.